கட்-ஆப்பும் கடனும்: கோவளத்துக் குறிப்புகள்

பெயர் பெரிதானால் விலையும் பெரிதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பில் அது பாதிதான் சரி. கவுன்சலிங் வழியாகப் போகிற பிள்ளைக்குக் கணக்கு தலைகீழ். கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டும் கல்விக் கட்டணம், பெயர் தெரியாத ஒரு சுயநிதிக் கல்லூரியில் கட்டுவதைவிடக் குறைவு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அப்படியே. கோவை ஜி.சி.டி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பா என்று எந்த அரசுக் கல்லூரியை எடுத்தாலும் இதுதான் நிலை. அந்த இடங்களுக்கு மதிப்பெண்தான் விலை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடுகிற கட்-ஆப்தான் அங்கே செல்லும் காசு.

ஆகவே "பெயரா, செலவா" என்ற கேள்வி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. 197 எடுத்த பிள்ளையின் வீட்டில் அந்தக் கேள்வியே இல்லை. 130க்கும் 175க்கும் நடுவில் நிற்கிற பிள்ளையின் வீட்டில்தான் தூக்கம் கெடுகிறது. இந்தக் குறிப்புகளை அந்த வீடுகளை நினைத்தே எழுதுகிறேன்.

*

கோவளத்திலிருந்து காயலையும் உப்பளங்களையும் தாண்டி மேற்கே போனால் கேளம்பாக்கம். அங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. வடக்கே படூரில் 1985-ல் தொடங்கிய இந்துஸ்தான். அதற்கும் வடக்கே செம்மஞ்சேரிப் பக்கம் சத்யபாமா, செயின்ட் ஜோசப்ஸ், ஜேப்பியார். தெற்கே காலவாக்கத்தில் 1996-ல் ஷிவ் நாடார் நிறுவிய எஸ்.எஸ்.என். மேற்கே வண்டலூர் போகும் சாலையில் 2010-ல் வந்த வி.ஐ.டி. சென்னை வளாகம். அதே சாலையில் மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். வண்டலூரில் கிரசென்ட், அதைத் தாண்டிக் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்.

எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில், 1984-ஐ ஒட்டி, சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு எழுந்தவைதான் இவ்வளவும். கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளி. இந்தச் சோழமண்டலக் கரையை அளந்தவர் அவர். இருநூறு ஆண்டுப் பெயரையும் முப்பது ஆண்டுப் பெயரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் சேர்க்கை மாதங்களில் விளம்பரங்கள் அப்படித்தான் பேசுகின்றன.

இந்தச் சாலையின் வரலாற்றில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சத்யபாமா 2001-லும் எஸ்.ஆர்.எம். 2002-லும் இந்துஸ்தான் 2008-லும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆயின. ஊரில் 'டீம்டு' என்கிறோமே, அது. டீம்டு ஆனதும் அவை அரசின் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கை விட்டு விலகின. மாநிலக் கட்டணக் குழுவின் உச்சவரம்பு அங்கே செல்லாது. முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. வாசலுக்கு எதிரே கல்லூரி இருக்கிறது என்று சொல்கிறோம்; அரசு உதவியோடு நுழையும் வழி அந்த வாசலில் இல்லை.

காலவாக்கத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். எஸ்.எஸ்.என். கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, கவுன்சலிங்கில் 1315 என்ற எண்ணோடு நிற்கிறது, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அரசு வகுத்த உச்சவரம்பு பொருந்தும். அதே நிறுவனர் தொடங்கிய ஷிவ் நாடார் பல்கலைக்கழகம் அங்கேயே 2021 முதல் நடக்கிறது. அது தனியார் பல்கலைக்கழகம், கவுன்சலிங்குக்கு வெளியே, கட்டணம் பல மடங்கு. இரண்டும் நல்ல இடங்கள். ஒன்றுக்கு மதிப்பெண் கேட்கிறார்கள், மற்றதற்கு மதிப்பெண்ணோடு பணமும் கேட்கிறார்கள்.

*

"பக்கத்துலயே இவ்ளோ பெரிய காலேஜ் இருக்குது, எதுக்கு சார் புள்ளய கோயம்புத்தூருக்கு அனுப்பணும்?" என்று கேட்கிற அப்பாவிடம் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் பேச வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.

2017-ல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த உச்சவரம்பின்படி, சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய். தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. டீம்டு என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் கூடவே கேட்கும் இடங்கள் உண்டு.

முழுக் கட்டணத்தையும் வங்கிக் கடனாக எடுப்பதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். நான்கு ஆண்டுப் படிப்பு, அதன் பின் ஓராண்டு அவகாசம், பிறகு பத்து ஆண்டில் திருப்பிக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீதம் எடுத்த எட்டு லட்சம், தவணை தொடங்கும் நாளில் தனிவட்டி சேர்ந்து 10 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். மாதத் தவணை ஏறக்குறைய 14,270 ரூபாய். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் எடுத்த இரண்டு லட்சமோ 2 லட்சத்து 70 ஆயிரமாக நிற்கும். மாதத் தவணை 3,570க்குள்.

இனி வருமானம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிதாக எடுப்பவர்களுக்குத் தரும் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. பிடித்தம் போக மாதம் இருபத்தைந்தாயிரம் கைக்கு வரும் என்று வைப்போம். அதில் 14,270 போனால் மிச்சம் என்ன? சிறுசேரி சிப்காட்டில் வேலை கிடைத்து வீட்டிலிருந்தே போய்வந்தால் பிழைக்கலாம். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போட்டால் அறை வாடகைக்கு அப்பாவிடமே கேட்க வேண்டியிருக்கும். 3,570 என்றால் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்கு அனுப்பலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் ஒரே தகுதித் தேர்வு வைத்து ஆள் எடுக்கின்றன. அந்தத் தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்து ஒரே பணியில் சேர்கிற இருவருக்குச் சம்பளம் ஒன்றுதான். ஒருவருடைய தவணை மற்றவருடையதைப்போல் நான்கு மடங்கு. இதைத் தாளில் எழுதிக் காட்டினால் பெரும்பாலான அப்பாக்கள் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் பேசத்தான் கொண்டுபோகிறார்கள். அது போதும்.

*

கல்விக் கட்டணம் என்று அச்சிட்டிருப்பது முழுச் செலவு ஆகாது. பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், லேப்டாப், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' என்று தனியாக ஒரு தொகை. ஓ.எம்.ஆர். கல்லூரி ஒன்றின் ரசீதை ஒரு வீட்டில் காட்டினார்கள்: பஸ் கட்டணம் கல்விக் கட்டணத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. சேர்வதற்கு முன்பே நான்கு ஆண்டுக்கும் ஆகும் மொத்தத் தொகையை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தைச் சந்தேகியுங்கள்.

*

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இதை யோசிப்பதில்லை. கடலை நம்பிய வீட்டில் இதுவே முதல் கேள்வி.

இரண்டாம் செமஸ்டர் கட்டணம் டிசம்பர், ஜனவரியில் வந்து நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பைபர் படகு பல நாள் கரையேறியே கிடக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அடுத்த டிசம்பரில் மிக்ஜாம். அதற்கடுத்து 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். மூன்று ஆண்டும் தொடர்ந்து, கட்டணம் கட்டும் காலத்துக்குச் சற்று முன்னால் இந்தக் கரையில் தொழில் நின்றது. ஆண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கேட்கிற கல்லூரியா, செமஸ்டருக்கு ஒருமுறையா, தாமதமானால் அபராதம் எவ்வளவு, தேர்வு எழுத விடுவார்களா என்பதையெல்லாம் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

கெடு தவறினால் என்ன ஆகும்? உத்தரப் பிரதேசத்து முசாஃபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலி ஒருவரின் மகன் 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். ஏற்புக் கட்டணம் 17,500 ரூபாய். ஜூன் 24 மாலைக் கெடுவுக்குள் கட்ட முடியவில்லை, இடம் போயிற்று. ஜார்க்கண்டிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் முறையிட்டு, கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30-ல் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அவர் வென்றார். எல்லோராலும் டெல்லி வரை போக முடியாது. நம் கவுன்சலிங்கிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கெடு நாள் உண்டு. இடம் ஒதுக்கிய பிறகு கந்துவட்டிக்கு ஓடுவதைவிட, ஜூலை தொடங்கும் முன்பே முதல் தவணையை ஒதுக்கி வைப்பது நல்லது.

*

பெயருக்கு உண்மையில் என்ன பலன்? அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய பெயர் கொண்ட கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களையும், அங்கேயே போய்ப் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. திறமையுள்ள பிள்ளை எங்கே படித்தாலும் தேறுகிறது என்பது அதன் சாரம். இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் பலர்.

ஆய்வின் மறுபாதிதான் நமக்கு வேண்டியது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை. அவர்களுக்குப் பெயருள்ள கல்லூரி தெளிவாகவே உதவியது. அதே இருவர் 2011-ல் மீண்டும் ஆராய்ந்தபோது, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும் அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பலன் இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மாமா ஒருவர் கம்பெனியில் இருப்பார், சித்தப்பா ஒருவர் அமெரிக்காவில் இருப்பார், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கும். கோவளம் குப்பத்துப் பிள்ளைக்கு அந்த மாமாவின் இடத்தில் கல்லூரிதான் நிற்க வேண்டும். சீனியர்கள், ஹாஸ்டல் நண்பர்கள், அங்கே வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள், சிபாரிசுக் கடிதம் எழுதும் பேராசிரியர் என்று எல்லாவற்றையும் அந்தப் பெயர்தான் கொண்டுவந்து தருகிறது.

ஆகவே "ஏழைக்கு எதுக்குப் பெரிய காலேஜ், சிக்கனமா ஏதாவது படிக்கட்டும்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பெயர் அதிகம் தேவைப்படுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். அதைக் கடனில் வாங்காமல் கவுன்சலிங்கில் வாங்க வேண்டும் என்பதே என் கட்சி.

*

அதற்கு முதலில் சரியான பட்டியலைப் பார்க்க வேண்டும். ஊரில் நடக்கும் பெரிய நஷ்டம் இங்கேதான். சென்ற ஆண்டு பொதுப்பிரிவில் எங்கே முடிந்தது என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "நமக்குக் கிடைக்காது" என்று மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போய்விடுகிறார்கள். பட்டினவர் உட்பட மீனவர் சமூகம் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது; அதற்கு 20 சதவீத ஒதுக்கீடு. கோவளம் தர்கா பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் இந்த ஒதுக்கீடுகளில் எந்தக் கட்-ஆப்போடு இடம் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கிறது. உங்கள் வரிசையைப் பாருங்கள்.

அடுத்தது சாய்ஸ் ஃபில்லிங். 2018 முதல் எல்லாம் இணையத்தில். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிள்ளைகள் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அல்லது கிடைக்காத இடத்தை மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் போகாது. கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறது. கிடைக்கக்கூடிய மிக மேலான விருப்பத்தை ஒதுக்குகிறது. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். நூறு வரி எழுதினாலும் தவறில்லை. கேளம்பாக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து "நீங்களே போட்டுடுங்க" என்று மட்டும் விடாதீர்கள்.

*

காலேஜா, கோர்ஸா?

இதற்கு ஒரே விடை சொல்பவர்களை நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், அரசுக் கல்லூரிகள், கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்றவை எட்டும் தூரத்தில் இருந்தால் கல்லூரியைப் பிடியுங்கள் என்பேன். அங்கே சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களையும் மென்பொருள் நிறுவனங்கள் எடுக்கின்றன. கூடப் படிப்பவர்களின் தரமே பாதி ஆசிரியர். அந்த வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் கோர்ஸைப் பாருங்கள். நடுத்தரக் கல்லூரி ஒன்றில் விருப்பமில்லாத பிரிவில் சேர்ந்து அரியர் சேர்த்துக்கொள்வதில் எந்தப் பெயரும் இல்லை.

எல்லோரும் கம்ப்யூட்டர் சயன்ஸ், ஏ.ஐ. என்று ஓடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்ததும், 2022-ல் அது நின்றதும் இந்த மாவட்டத்துப் பெற்றோர் மனதில் மெக்கானிக்கலைக் கொன்றுவிட்டன. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நம் கண்ணெதிரே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024-ல் இரண்டாவது ஆலை வந்தது, பேரூரில் அதைவிடப் பெரியது எழுகிறது. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. இவை சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் படித்தவர்களால் ஓடுகிற இடங்கள். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பணிக்கும் இந்தப் பிரிவுகள்தான் வேண்டும். போட்டி குறைந்திருப்பதால், 160 கட்-ஆப்பில் கம்ப்யூட்டர் சயன்ஸுக்குக் கிடைக்கும் கல்லூரியைவிட நல்ல கல்லூரி சிவிலுக்குக் கிடைக்கும். அரசு வேலைதான் குறி என்று தெளிவாக இருக்கிற பிள்ளைக்கு இது கொடை.

*

பெயரை எப்படிச் சரிபார்ப்பது? ஹோர்டிங்கில் இருக்கும் '40 லட்சம் பேக்கேஜ்' ஒரு பிள்ளையின் சம்பளம். மீதிப் பேர் என்ன வாங்கினார்கள் என்று அது சொல்லாது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரம் அந்தத் தளத்தில் இருக்கிறது: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் எவ்வளவு. கடைசி எண்தான் முக்கியம். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். அவை கல்லூரி தானே கொடுத்த எண்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தரவரிசையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு, பிறர் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே போகிறது.

தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் கல்லூரிக்குத் தருவதல்ல, பாடப்பிரிவுக்குத் தருவது. "எங்க காலேஜுக்கு என்.பி.ஏ. இருக்கு" என்றால், "எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை?" என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. பிரிவுக்கு இருக்காது, நான்கு ஆண்டு படித்து மாணவர் இரண்டு தொகுதியாவது வெளியே வராமல் அது கிடைப்பதில்லை.

ஆசிரியர்கள்தான் எல்லாவற்றுக்கும் மேல். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கும்: ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். 353 பேர், 224 கல்லூரிகள் என்றது அந்தப் பட்டியல். அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. தாளில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இல்லை என்றால் அங்கே கட்டும் ஐம்பதாயிரமும் வீண். சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வராமல், வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: கணக்கு யார் எடுக்கிறார், லேப் திறக்கிறார்களா, போன செமஸ்டரில் எத்தனை பேர் ஆல் கிளியர்? அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் அதோடு வைத்துப் பாருங்கள். பாதிப் பேர்கூடத் தேறாத இடத்துக்கு இலவச பஸ் விட்டாலும் போக வேண்டாம்.

*

"பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் எப்படி சார் அனுப்பறது?" இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. தூரம் பயம், ஹாஸ்டல் செலவு அதைவிடப் பயம். ஆனால் இந்தப் பயத்தால் எத்தனை பெண்கள் 180 கட்-ஆப்போடு அருகிலுள்ள சுமாரான கல்லூரியில் முடங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. விடுதியும் இதில் அடக்கம் என்பது பல அம்மாக்களுக்குத் தெரியவே இல்லை. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இந்த ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைக்குச் செலவு என்ற கேள்வியே எழவில்லை. எட்டுகிற மிகப் பெரிய பெயரைத்தான் பார்க்க வேண்டும், அது கோவையோ மதுரையோ எங்கிருந்தாலும். அருகில் இருக்கிறது என்பதற்காக இந்த வாய்ப்பை வீணாக்குவது பெரிய பாவம்.

*

கப்பல் படிப்பு பற்றிச் சுருக்கமாக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், கானாத்தூரில் அமெட். கடலோரப் பிள்ளைக்கு மரைன் இன்ஜினியரிங் ஆசை வருவது இயல்பு, சம்பளமும் நல்லதுதான். ஆனால் பட்டம் மட்டும் போதாது. கப்பலில் ஏறிப் பயிற்சிக் காலம் முடித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஏற்றிக்கொள்ள ஒரு கம்பெனி இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் அந்தக் கட்டணத்துக்குக் கடன் எடுக்காதீர்கள். "ஷிப்ல ஏத்திவிடறேன்" என்கிற ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

*

ஏப்ரலிலேயே "சீட்டு முடிஞ்சிடும், அட்வான்ஸ் கட்டுங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். ஒரிஜினல் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 2018-ல் யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தையும் விதிப்படி திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல் அங்கே சிக்கிக்கொண்டதால் கவுன்சலிங்கில் கிடைத்த நல்ல இடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு. 1992 முதல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். ரசீது தராத பணத்தைக் கொடுக்காதீர்கள்.

*

கட்-ஆப் 110-ஐத் தாண்டாத பிள்ளைகளுக்கு: எப்படியாவது பி.இ. என்று நகையை அடகு வைக்க வேண்டாம். அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்கும் தனிக் கவுன்சலிங் உண்டு. டிப்ளமோவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், ப்ளஸ் டூவுக்குப் பிறகு எட்டியிருக்கவே முடியாத கல்லூரிகளில் நுழைகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வருமானம் குறைந்த வீட்டுக்குக் கட்டணத்தில் பெரும் சலுகை உண்டு. கணக்கில் பிடிவாதம் உள்ள பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்வேன். சேர்வது எளிது, முடிப்பது கடினம்.

*

கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சில விவரங்கள். நான்கு லட்சம் வரை அடமானச் சொத்து கேட்கக் கூடாது; ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு என்றால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் உண்டு. வங்கியில் அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காமல் நாமே கேட்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு வங்கிக்குப் போனால் கதவு பாதி மூடித்தான் இருக்கும்.

*

இந்தக் கரையில் பட்டம் முடித்து வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலையில் கவுன்சலிங் சுற்று தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாருங்கள். லேப்டாப்பை எடுத்து வந்து ஊரில் எங்காவது ஒரு திண்ணையில் உட்காருங்கள். எந்தப் பேராசிரியர் நன்றாக எடுப்பார், எந்தக் கல்லூரியில் என்ன பிடுங்குவார்கள், எந்தப் பிரிவுக்கு எந்த வேலை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோருக்கு: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் ப்ளஸ் டூ தேர்வு நடக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே அது செல்லும்.